எல்லைப்புறத்துக் கள்ளுக்கடையும் அதன் அதிபர்களும்

இங்கிலாந்து நாட்டுச் சிற்றூர்களில் மாதா கோயிலுக்கு அடுத்தபடியாகப் பழமை வாய்ந்த கட்டடம் பெரும்பாலும் அவ்வூர் மதுச்சாலையாகவே இருக்கும். அதனை எந்த ஆண்டு முதல் யார் நடத்தினார், அவர் காலமான பின் அவருடைய மனைவி எத்தனை ஆண்டு நடத்தினார், பிறகு எவர் கைக்கு மாறிற்று என்பனவற்றையெல்லாம் ஊர் வரலாறு எழுதுவோர் வரிசையாகக் குறித்து வைப்பார்கள். உரிமம் பெற்றவரின் பெயரை வாயிலின் மேல் எழுதி வைப்பதும் அந்நாட்டில் நெடுங்கால வழக்கம். ஊர் சிறியதாயினும் மதுச்சாலை அதிபருக்கு ஒரு முகமும் பெயரும் உண்டு.

நம்மவர் ஊர்களில் கள்ளுக்கடை இருந்தது. பாலக்காட்டு எல்லையில் இன்றும் இருக்கிறது. ஆனால் அதன் அதிபர்களின் வரிசையை எழுதி வைத்தவர் யார்? பிழைப்பை நாடி வெகுதூரம் வந்து குடியேறிய நம் குடும்பங்களில் பல, கோபாலபுரம், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் முதலிய எல்லைப்புற ஊர்களோடு உறவுள்ளவை. அவ்வூர்களின் கோயில், குளம், பள்ளிக்கூடம் ஆகியவற்றைப் பற்றி விருப்பத்தோடு பேசும் நாம், கள்ளுக்கடையைப் பற்றிப் பேச நாணுகிறோம். நம் வீட்டு வரவு செலவை ஒரு காலத்தில் ஆட்டிப் படைத்த இடம் அது. இருப்புப் பாதை அலுவலகத்தில் நாள்தோறும் வரவேடும் செலவேடும் எழுதிப் பழகிய நாம், அக்கடையின் கணக்கையும் ஒருமுறை பிரித்துப் பார்ப்பது தகும் என்று கருதியே இதனை எழுதத் துணிந்தோம்.

கோபாலபுரம் இருக்கும் இடம்

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்குச் செல்லும் பாதையில், தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்கும் இடத்தில் உள்ள சிற்றூர் கோபாலபுரம். இரு பக்கமும் தென்னந்தோப்புகள். இரு பக்கமும் தமிழ் பேசும் மக்கள். மண்ணிலும் மரத்திலும் வேற்றுமை இல்லை. சட்டத்தில்தான் வேற்றுமை.

இவ்வூர் சேர்ந்துள்ள சித்தூர் வட்டத்தை ஆந்திர நாட்டுச் சித்தூரோடு குழப்பிக்கொள்ளலாகாது. இது பாலக்காட்டுச் சித்தூர். 1949 வரை இச்சித்தூர் கொச்சி மன்னரின் ஆட்சியில் இருந்தது. மேற்கே பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. கிழக்கே பொள்ளாச்சி அதே மாகாணத்தின் கோயமுத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. நடுவில் ஒரு தீவு போலக் கொச்சியின் ஒரு துண்டு. கள்ளுக்கடையின் வரலாற்றுக்கு இப்பூகோளம் இன்றியமையாதது.

கொடியும் கலயமும்

கள் விற்பது தமிழகத்துக்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்தில் கள் விற்குமிடத்தில் கொடி பறந்ததைப் பட்டினப்பாலை கூறுகிறது. திருவள்ளுவரோ கள்ளுண்ணாமை என்று 93-ஆம் அதிகாரத்தையே வகுத்தார். கடையும் பழையது, கண்டனமும் பழையது. அந்தக் கொடிக்குக் கீழே அமர்ந்து விற்றவர் பெயர் மட்டும் நம்மை வந்து எட்டவில்லை.

கள் உண்டாகும் விதத்தை நகரத்தில் பிறந்த நம் பிள்ளைகள் அறியமாட்டார்கள். தென்னையின் விரியாத பாளையைக் கயிற்றால் இறுகக் கட்டி, பல நாள் பதமாகத் தட்டி, நுனியைச் சீவுவார்கள். சீவிய வாயிலிருந்து சொட்டும் சாறு கலயத்தில் சேரும். மரமேறும் தொழிலாளி காலையிலும் மாலையிலும் தவறாமல் ஏறிச் சீவ வேண்டும். இடையில் ஏறித் தட்டுவதும் உண்டு. ஒருநாள் தவறினாலும் பாளை வறண்டுவிடும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் சாறு புளிக்காமல் பதநீராக நிற்கும். தடவாவிட்டால், சொட்டத் தொடங்கிய வேளையிலேயே நொதித்துக் கள்ளாகும். மறுநாள் மிகப் புளித்து, பின்னர்க் காடியாகிவிடும்.

இக்கடைசிச் செய்தியை நேயர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறோம். நெல்லை விலை ஏறும் வரை பத்தாயத்தில் வைக்கலாம். தேங்காயையும் சில நாள் குவித்து வைக்கலாம். கள்ளை வைத்திருக்க இயலாது. இறக்கிய அன்றே விற்றாக வேண்டும். அதனை விற்கும் உரிமை சட்டப்படி ஒருவருக்கே இருக்குமானால், உயிரைப் பணயம் வைத்து மரமேறியவன் அந்த ஒருவர் சொல்லும் விலைக்குக் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. கள்ளுக்கடை அதிபரின் பலமெல்லாம் இந்த ஒன்றிலிருந்தே பிறந்தது.

ஓராண்டு அரசர்கள்

சென்னை மாகாணத்தில் 1886-ஆம் ஆண்டு அப்காரிச் சட்டம் பிறந்தது. கொச்சி மன்னரின் அரசு கொல்லம் ஆண்டு 1077-இல், அதாவது 1902-இல், தனக்கென்று ஓர் அப்காரிச் சட்டம் இயற்றிற்று. அதுவே பின்னர்க் கேரளம் முழுவதற்கும் உரிய சட்டமாக விரிந்து, திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் உள்ளது. கொச்சிச் சீமையின் சட்டம் ஒரு நூற்றாண்டைக் கடந்தும் கள்ளுக்கடைகளை ஆள்வது வியப்புக்குரியதே.

இச்சட்டங்களின் கீழ் அரசு இரண்டு வழியில் பணம் பெற்றது. சீவும் மரம் ஒவ்வொன்றுக்கும் மரவரி. கடை நடத்தும் உரிமைக்கு ஏலத்தொகை. மரத்துக்கு எண் இட்டார்கள். கடைக்கும் எண் இட்டார்கள். ஏலத்தில் மிகுந்த தொகை கேட்டவருக்குக் கடை கிடைத்தது. அவரைக் குத்தகைதாரர் என்றார்கள். பிற்காலத்தில் காண்டிராக்டர் என்றார்கள். குத்தகைக் காலம் முடிந்ததும் மறுபடி ஏலம். அவரே கேட்கலாம், அல்லது அவரை விஞ்சி வேறொருவர் கேட்கலாம்.

ஆங்கிலேய நாட்டுச் சிற்றூரில் ஒரு குடும்பமே தலைமுறை தலைமுறையாக மதுச்சாலையை நடத்துவதுண்டு. ஊரின் நற்பெயரே அக்குடும்பத்தின் முதல். நம் கள்ளுக்கடை அதிபரோ ஏலம் முடியும் வரை மட்டுமே அரசர். கட்டிய தொகையை அக்காலத்துக்குள் திரும்ப எடுத்தாக வேண்டும். ஆகவே அதிகமாக விற்க வேண்டும். கையில் காசில்லாதவனுக்கும் பற்றுக் கணக்கில் ஊற்ற வேண்டும். கூலி நாளன்று அப்பற்றை வசூலிக்க வேண்டும். இதில் தனிமனிதர் ஒருவரின் தீய குணத்தை மட்டும் காரணமாகக் கூறிப் பயனில்லை. ஏல முறையே அவரை அவ்வழியில் தள்ளியது. நல்லவர் ஒருவர் கடை எடுத்தாலும், ஏலத்தொகை அவரை விடாது.

அப்படியானால் உண்மையான அதிபர் யார்? தோப்புக்கு உடையவர் வாடகை வாங்கினார். குத்தகைதாரர் இலாபமோ நஷ்டமோ அடைந்தார். ஆண்டு எதுவாயினும் நஷ்டமடையாதது அரசாங்கக் கருவூலம் ஒன்றே. சென்னை மாகாணத்தின் வருவாயில் ஏறத்தாழக் கால்பங்கு ஒரு காலத்தில் மதுவிலிருந்து வந்தது என்றால், அதிபர் யாரென்று தனியே கூறவும் வேண்டுமோ?

மரம் வெட்டியவர்களும் மறியல் செய்தவர்களும்

இதனை எதிர்த்து எழுந்தவர்கள் பலர். 1921-இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தது. ஈ. வெ. ராமசாமிப் பெரியார், சேலத்தை அடுத்த தாதம்பட்டியில் தமக்கு உரிமையான தோப்பில் 500-க்கு மேற்பட்ட தென்னைகளை வெட்டிச் சாய்த்தார். அவர் சிறை சென்றபோது அவருடைய மனைவியார் நாகம்மையாரும் தங்கையார் கண்ணம்மாளும் மறியலை முன்னின்று நடத்தினர். மறியலை நிறுத்துவது ஈரோட்டில் உள்ள இரு பெண்மணிகளின் கையில் இருக்கிறது என்று காந்தியடிகள் கருதும் அளவுக்கு அது வளர்ந்தது. கள்ளுக்கடையால் வந்த இழப்பு வீட்டு அடுப்பில்தான் முதலில் தெரியும். ஆதலால் பெண்கள் முன்னின்றதில் வியப்பில்லை.

மேற்கே கேரளத்தில் ஸ்ரீ நாராயண குரு, மதுவை உண்டாக்குவதும் கொடுப்பதும் குடிப்பதும் தகாது என்று போதித்தார். கள் இறக்குவதைத் தொழிலாகக் கொண்டிருந்த ஈழவ சமூகத்தில் பிறந்தவர் அவர். சோறு போடும் தொழிலையே விடச் சொல்வது எத்தகைய துணிவு! விட்டவர்கள் உண்டு, விட இயலாதவர்களும் உண்டு. மரத்தை விட்டு இறங்கியவனுக்கு வேறு நிலமோ வேறு வேலையோ உடனே கிடைக்குமா என்ற கேள்வி அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

ஒரே தோப்பு, இரண்டு சட்டம்

1937-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் நாள் ராஜாஜியின் அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கிற்று. இழந்த வருவாயை ஈடுகட்ட 1939-இல் பொது விற்பனை வரி கொண்டுவரப்பட்டது. கடையில் சாமான் வாங்கி வரி செலுத்திய நம் முன்னோர், அவ்வரிக்கும் கள்ளுக்கடைக்கும் உள்ள உறவை அறிந்திருந்தால் வியந்திருப்பர். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதலமைச்சராயிருந்தபோது, 1948 அக்டோபர் 2-ஆம் நாள், காந்தி ஜயந்தியன்று, மதுவிலக்கு மாகாணம் முழுவதும் நிறைவெய்தியது.

பொள்ளாச்சியில் கடை மூடிற்று. பாலக்காட்டில் கடை மூடிற்று. நடுவில் இருந்த கொச்சியின் சித்தூரில் சென்னை அரசின் சட்டம் செல்லாது. 1949-இல் கொச்சி திருவிதாங்கூரோடு இணைந்தது. 1956 நவம்பர் 1-இல் கேரள மாநிலம் அமைந்தது. 1957-இல் பாலக்காடு தனி மாவட்டமாயிற்று. பழைய மலபாரும் பழைய கொச்சியும் ஒரே மாவட்டத்தில் அடங்கிய பின்பும், பழைய மலபார்ப் பகுதியில் சென்னை மதுவிலக்குச் சட்டமும் பழைய கொச்சிப் பகுதியில் கொச்சிச் சட்டமுமாக இரண்டும் நீடித்தன. 1967-இல் ஈ. எம். எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் அமைந்த அமைச்சரவை மலபாரில் மதுவிலக்கை நீக்கியது. அது முதல் கேரளம் முழுவதும் ஒரே அப்காரிச் சட்டம்.

கிழக்கே தமிழ்நாட்டில் கதவு பல முறை திறந்து மூடிற்று. 1971 ஆகஸ்டு 30 அன்று மதுவிலக்கு ஒத்திவைக்கப்பட்டுக் கள்ளுக்கடைகள் திறந்தன. 1974-க்குள் மீண்டும் மூடின. 1981-இல் திறந்தன, 1987 ஜனவரி 1 முதல் கள் மறுபடி தடைப்பட்டது. அத்தடை இன்றும் உள்ளது. ஆகவே எல்லைக்கு இப்பால் பாளை சீவினால் குற்றம். சில அடி தள்ளி அப்பால், எண் இட்ட மரத்தில் சீவினால் தொழில். கோபாலபுரம் எல்லையைக் கடந்து பொள்ளாச்சிப் பக்கத்து மக்கள் கள் அருந்தச் செல்வது இதனாலேதான்.

தமிழ்நாட்டில் கள் தடைப்பட்டதால் மது ஒழிந்துவிடவில்லை. 1983-இல் நிறுவப்பட்ட டாஸ்மாக் நிறுவனம் 2003 முதல் சில்லறை விற்பனையையும் தானே ஏற்றது. முன்னே குத்தகைதாரரின் பின்னால் நின்ற அரசு, இப்போது கல்லாப்பெட்டிக்கு முன்னால் தானே வந்து அமர்ந்தது. கள்ளுக்கடை அதிபர்களின் வரிசையில் இதனையும் சேர்த்தே எழுத வேண்டும்.

மரமேறியவர்கள் எழுந்தது

அதிபர்கள் மாறிய காலத்தில் மரமேறியவர்களும் சும்மா இருக்கவில்லை. கொச்சிச் சீமையின் அந்திக்காட்டில் 1940-களில் கள் இறக்கும் தொழிலாளர் சங்கம் கண்டு போராடினர். கேரளத்தின் தொழிலாளர் இயக்க வரலாற்றில் அதற்குத் தனி இடம் உண்டு. 1969-இல் கேரள அரசு கள் தொழிலாளர் நல நிதிச் சட்டம் இயற்றிற்று. கயிறு அறுந்து கீழே விழுந்தால் குடும்பம் தெருவில் நிற்க வேண்டும் என்ற நிலை அதனால் ஓரளவு மாறிற்று. தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்களே கடைகளை ஏற்று நடத்திய காலமும் உண்டு. மரமேறியவன் அதிபராக அமர்ந்த சில பக்கங்கள் இவ்வரலாற்றில் அவைதாம்.

இன்று கேரளத்தின் பிற மாவட்டங்களில் கள்ளுக்கடைகள் பல, சித்தூர் வட்டத்துத் தோப்புகளையே நம்பியுள்ளன. விடியுமுன் அனுமதிச் சீட்டோடு வண்டிகள் கள் ஏற்றிக்கொண்டு புறப்படுகின்றன. தென்னங்கள்ளில் சாராய அளவு குறித்த வரம்புக்கு மேற்படலாகாது என்பது விதி. விதி எழுதுவது எளிது, காப்பது அரிது. இறங்கும் கள் குறைவாகவும் விற்கும் கள் மிகையாகவும் இருந்தால், இடையில் கலப்பது என்ன? 2010 செப்டம்பரில் மலப்புரம் மாவட்டத்தில் நஞ்சு கலந்த கள் அருந்தி 20-க்கு மேற்பட்டோர் மாண்டனர். மரத்திலிருந்து இறங்கிய கள் எவரையும் அப்படிக் கொல்வதில்லை. அதில் கலந்த மெத்தில் சாராயமே கொன்றது.

தோட்டத் துரையின் கடை

கடல் கடந்து சென்ற தமிழர்களையும் கள்ளுக்கடை பின்தொடர்ந்தது. மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு அருகிலேயே கள்ளுக்கடை இருந்தது. ஒரு கையால் தந்த கூலியை மறு கையால் திரும்பப் பெறும் ஏற்பாடு அது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வு, பிள்ளைகளுக்குக் கல்வி, துரைமார் முன் சைக்கிளில் ஏறிச் செல்லும் உரிமை ஆகியவற்றோடு, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதையும் கோரிக்கையாக வைத்தனர். யுத்தத்துக்குப் பின் கெடா மாநிலத்தில் தொண்டர் படை என்னும் இளைஞர் அணி தோன்றிக் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தது. 1947-இல் பீடோங்கில் அது போலீசாரோடு மோதலாக முடிந்தது.

நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அத்தொழிலாளர் எழுதப் படிக்க அதிகம் வாய்ப்புப் பெறாதவர்கள். ஆயினும் பள்ளிக்கூடம் திறப்பதையும் கள்ளுக்கடை மூடுவதையும் ஒரே மனுவில் எழுதினார்கள். இரண்டும் ஒரே கணக்கின் இரு பக்கம் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள்.

இன்றைய கடை

கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் கள்ளு என்று எழுதிய கடைகள் கேரளத்தில் இன்னும் உள்ளன. 1996 ஏப்ரல் 1 முதல் அங்கே சாராயம் தடைப்பட்டது, கள் நின்றது. நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் தீர்ப்பளித்தபோது, அடுத்த ஆண்டு பல கள்ளுக்கடைகள் மூடவோ இடம் மாறவோ நேர்ந்தது. இப்போது கள்ளுக்கடையின் மரவள்ளிக்கிழங்கும் மீன் குழம்பும் பேர் பெற்றுவிட்டன. வெளியூரிலிருந்து குடும்பத்தோடு காரில் வந்து உண்டு, படம் எடுத்துச் செல்கிறார்கள். அவர்களைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. ஆனால் எல்லைப்புறத்தில் பிறந்த நமக்கு அக்கடை வேறொரு நினைவையும் தருகிறது. கூலி நாளன்று மாலையில் தாயார் அனுப்ப, தென்னந்தடுக்கு வேலிக்கு வெளியே நின்று, உள்ளே இருக்கும் தகப்பனார் எப்போது வெளிவருவார் என்று காத்திருந்த சிறுவர்கள் பலர். அவர்களுள் நாமும் ஒருவர். அன்று அரிசி வாங்கும் பணமா, பற்றுக் கணக்கின் பணமா என்பது அந்த வேலியோரத்தில் தீர்மானமாகும். பற்று நோட்டில் தகப்பனார் பெயர் இருக்கும்; தாயார் பெயர் இராது. கடன் தீர்த்தவர் பெரும்பாலும் தாயாரே.

இதுவே நாம் கண்ட கணக்கு. கொச்சி மன்னர், வெள்ளையர் அரசு, குத்தகைதாரர், கூட்டுறவுச் சங்கம், டாஸ்மாக் என்று அதிபர்கள் மாறிக்கொண்டே வந்தார்கள். ஒவ்வொரு மாற்றத்தின் போதும் கருவூலத்துக்கு என்ன கிடைக்கும் என்பது ஏட்டில் எழுதப்பட்டது. மரமேறியவர் எத்தனை பேர் விழுந்தார்கள் என்பதும், எந்த வீட்டில் அன்றிரவு உலை வைக்கவில்லை என்பதும் எந்த ஏட்டிலும் இல்லை. கள் நல்லதா தீயதா, தடை வேண்டுமா வேண்டாமா என்ற வழக்கில் அறிஞர்கள் இரு பக்கமும் இருக்கிறார்கள். தோப்புக்காரரும் மரத்தொழிலாளரும் தமிழ்நாட்டில் கள் இறக்க உரிமை கேட்பதற்கும் நியாயம் உண்டு; தாய்மார் கடையே வேண்டாம் என்பதற்கும் நியாயம் உண்டு. தீர்ப்பு எதுவாயினும், ஏலத்தொகையை மட்டும் பார்த்து எழுதும் தீர்ப்பு முழுமையானதாகாது என்பதே நம் துணிபு.

இங்கிலாந்துச் சிற்றூரார் தம் மதுச்சாலை அதிபர்களின் பெயரை எழுதி வைத்தது போல், நாமும் எழுதத் தொடங்கலாம். ஆனால் அதிபர் பெயரிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. நம் குடும்பங்களில் மரமேறிய பாட்டனார் இருந்தால், அவர் ஏறிய தோப்பு எது, தளைநாரும் கத்தியும் எங்கே இருக்கின்றன, எந்த ஆண்டில் தொழிலை விட்டார், விட்டபின் வீட்டை நடத்திய பாட்டியார் என்ன வேலை செய்தார் என்பனவற்றை முதியோர் உள்ளபோதே கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டுகிறோம். இவ்வாறு எழுதுவதில் நாணம் வேண்டியதில்லை. அம்முதியோர் பட்ட பாட்டினால் அன்றோ இன்று நம் பிள்ளைகள் வேலிக்கு வெளியே நிற்காமல் பள்ளிக்கூடத்தில் அமர்ந்திருக்கிறார்கள்!